எடைக்குப் போகும் ஏடுகள்

பழைய தாள் வாங்க வருகிறவரை மும்பையில் நாம் ‘ரத்திக்காரர்’ என்கிறோம். தில்லியில் வாழும் அன்பர்கள் ‘கபாடி’ என்பார்கள். பெயர் எதுவாயினும் தராசு ஒன்றே. நேற்றைய ஆங்கில நாளிதழும், எழுபது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனார் சந்தா கட்டி வரவழைத்த தீபாவளி மலரும் அத்தராசில் ஒரே விலைக்குப் போகின்றன. ஆனால் தராசிலிருந்து இறங்கிய பின் அவை செல்லும் வழிகள் வேறு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

ரத்திக் கடையின் பின்புறத்தில் சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். மூட்டை அவிழ்ந்தவுடன் ஆங்கில நாவல்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. புளோரா பவுண்டன் நடைபாதைக்காரரும் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக்காரரும் அவற்றை வாங்கிக்கொள்வர். மராத்தி, குஜராத்தி நூல்களை ஆட்கள் அட்டையைப் பார்த்தே இனம் கண்டுகொள்கிறார்கள். இந்திப் படச் சுவரொட்டி அகப்பட்டால் அது சோர் பஜாருக்குப் போகும். தமிழ்ப் புத்தகத்தை மட்டும் அந்த ஆள் இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய குவியலில் எறிந்துவிடுவார். அந்தக் குவியல் லாரியேறித் தாள் ஆலைக்குப் போய்க் கூழாகி, அட்டைப் பெட்டியாகத் திரும்பி வருகிறது.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. படிக்கத் தெரியாத எழுத்து எவருக்கும் கோடுகளும் சுழிகளுமே. சென்னையிலோ மதுரையிலோ ஒரு பழைய புத்தகக் கடைக்காரர் முதல் ஏட்டைப் புரட்டிய மாத்திரத்தில் ஆசிரியர் பெயரைக் கண்டு அதைத் தனியே எடுத்து வைப்பார். தமிழ்நாட்டில் பழம் பிரதி ஒன்று பிழைப்பதற்கு இவ்வாறு நாலைந்து வாயில்கள் உண்டு. இங்கே ஒரே வாயில்தான். அது நம் வீட்டு வாயில். அதைத் தாண்டிய தமிழ்த் தாளைப் பிறகு தடுத்து நிறுத்துவார் இல்லை.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணமும் உண்டு. மாதுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் தாராவியிலும் நம்மவர் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுப் புதிய மாடிகள் எழும்புகின்றன. புது வீடு கிடைக்கும்வரை வாடகை அறைக்கு மாற வேண்டும். பரணில் கிடக்கும் பெட்டிகளுக்கு அங்கே இடம் ஏது? ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்போர் நிலைமையும் இதுவே. உத்தியோகம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும்; முப்பது ஆண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் வெளியேறுகிறது. பெட்டியைத் திறப்பவர் பெரும்பாலும் பேரன் அல்லது பேத்தி. தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்பொழுது அவ்வீட்டுப் பிள்ளைக்கும் தாள் பிரிக்கும் ஆளுக்கும் வேறுபாடு இல்லாமற் போகிறது.

பழந்தாள் சேர்ப்பது வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. ஓலைச் சுவடிகளுக்காக ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையரை நாம் போற்றுகிறோம். அச்சுத் தாளுக்கும் அத்தகைய மனிதர்கள் வாய்த்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா அவர்களுள் தலையாயவர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். பட்டம் பெற்ற பண்டிதர் அல்லர். நூல்களோடும் இதழ்களோடும் நில்லாமல் நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை, கடிதம், துண்டுப் பிரசுரம் எனப் பிறர் குப்பையென்று தள்ளியவற்றையும் சேர்த்தார். அவர் 1992-இல் மறைந்தபோது கோட்டையூர் வீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் பிரதிகள் இருந்தன. அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. ஆயினும் கடல் கடத்திச் செல்லாமல் 1994-இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைக்கத் துணை நின்றது. இன்று தரமணியில் இயங்கும் அந்நூலகத்துக்கு எந்த நாட்டுத் தமிழாராய்ச்சியாளரும் வந்தே தீர வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையில் ஆசிரியத் தம்பதியரான கிருஷ்ணமூர்த்தியும் டோரதியும் தங்கள் சம்பளத்தைக் கொண்டே உருவாக்கிய ‘ஞானாலயா’வும் இவ்வகையில் சேர்ந்ததே.

வெளிமாநிலத் தமிழர்க்கு உவப்பான செய்தி ஒன்று. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூல்தொகுதி தமிழ்நாட்டில் இல்லை. கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. வங்காளத்து அன்பர்களில் எத்தனை பேர் அதைச் சென்று பார்த்திருக்கிறார்கள்?

பழம் புத்தகத்துக்கென்று பெயர்பெற்ற வீதிகள் நம் நாட்டில் பல. கல்கத்தாவின் கல்லூரித் தெரு, ஹைதராபாத்தின் ஆபிட்ஸ் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தில்லியின் தரியாகஞ்சு ஆகியவற்றை அறியாதார் இலர். தரியாகஞ்சு நடைபாதையில் ஞாயிறுதோறும் பரப்பப்பட்ட கடைகள் 2019-இல் நீதிமன்ற ஆணையால் அகற்றப்பட்டு, அருகே ஆசப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாறின. இவ்வீதிகளில் தமிழ் நூல் தேடுகிறவர் கடைக்காரரிடம் “தமிழ் உண்டா?” என்று கேட்பதால் பயன் சிறிது. ‘மதராசிப் புத்தகம்’ என்று அவர் எடுத்துக் காட்டுவது மலையாளமாகவோ தெலுங்காகவோ இருப்பது வழக்கம். ஆங்கிலப் பாடப் புத்தக அடுக்கின் அடிப்புறத்தைத் தாமே துழாவுவது மேல். தமிழ்க் குடும்பம் ஒன்றின் அலமாரி மொத்தமாக விலைபோயிருந்தால் பொறியியல் நூலுக்கும் சமையற் குறிப்புக்கும் இடையே ஒரு நாவல் ஒளிந்திருக்கும்.

தமிழ்ப் பழம் புத்தகத்துக்குத் தாய்வீடாக இருந்தது சென்னை மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பெற்ற அச்செங்கல் மாளிகை 1985 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய அவ்விடத்தில் பின்னர்ப் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. கடைக்காரர்கள் சிலர் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். புறநகர் நிலையத்துக்கு ரயில்வே இட்டிருக்கும் குறியீடு மூர் மார்க்கெட் வளாகம் என்பதன் சுருக்கமே. புத்தகம் போனாலும் பெயர் எங்கள் இலாகாவின் பதிவேட்டில் நிற்கிறது!

இனி நம் வீட்டுப் பெட்டிகளுக்கு வருவோம். அவற்றில் பெரும்பாலும் முதலில் அகப்படுவது பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பு. ‘ஆனந்த விகடன்’ 1926-இலும் ‘கலைமகள்’ 1932-இலும் ‘கல்கி’ 1941-இலும் ‘குமுதம்’ 1947-இலும் தோன்றின. இவற்றுக்காக நம்மவர் வட இந்திய நகரங்களில் காத்துக் கிடந்த கதை எல்லாக் குடும்பங்களிலும் சொல்லப்படுவது. இதழ் ரயிலேறிச் சில நாள் தாமதித்தே வந்து சேரும். ஒரு பிரதியை நான்கு வீட்டார் பங்கிட்டுப் படிப்பர். அட்டையின் மேல் மூலையில் யாருக்குப் பின் யார் என்று வரிசை எழுதியிருக்கும். கடைசி வீட்டாருக்கே கத்தரிக்கும் உரிமை. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, வாரம் பிறழாமல் அடுக்கி, கதை முடிந்ததும் காலிகோ முதுகு வைத்துப் பைண்டு செய்துவிடுவார்கள்.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ இவ்வாறு எத்தனை வீடுகளில் தொகுக்கப்பட்டிருக்கும் என்பதைக் கணக்கிட இயலாது. இன்று அந்நாவலைப் பல பதிப்பகத்தார் வெளியிடுகின்றனர், எங்கும் கிடைக்கிறது. அப்படியிருக்கப் பழுப்பேறிய பைண்டு எதற்கு என்று கேட்கலாம். முதலாவது, மணியம் வரைந்த சித்திரங்கள் வாரந்தோறும் எவ்விடத்தில் எவ்வளவு பெரிதாக அமைந்தனவோ அவ்வாறே அதில் இருக்கின்றன. இரண்டாவது, தொடர்ப் பக்கத்தின் பின்புறம். அங்கே பாதி துணுக்கு, பாதி விளம்பரம், வேறொரு கதையின் வால் என்று வேண்டாத விருந்தாளிகளாக ஒட்டிக்கொண்டு வந்தவை உண்டு. கூந்தல் தைலம் என்ன விலை, காப்பித்தூளை எவ்விதம் புகழ்ந்தார்கள், வேலைக்குப் போகும் பெண்ணை ஹாஸ்யச் சித்திரத்தில் எவ்வாறு காட்டினார்கள் என்பதையெல்லாம் புதுப் பதிப்பில் காண முடியாது.

மாதுங்காவில் வீடு காலி செய்துகொண்டிருந்த பெரியம்மா ஒருவரிடம் அத்தகைய தொகுப்பைப் பார்த்தேன். ஒவ்வோர் ஏட்டின் மூலையிலும் பென்சிலால் 1, 2, 3 என்று எண் இட்டிருந்தது. பத்திரிகையே பக்க எண் அச்சிட்டிருக்க, இது எதற்கு என்று கேட்டேன்.

“பைண்டு போட்டவனுக்குத் தமிழ் தெரியாதே, தம்பி! ஒவ்வொரு வாரமும் பக்க எண் மாறி மாறி வரும். அவன் எதை முன்னாலே வைப்பான், எதைப் பின்னாலே வைப்பான்? எங்க மாமனார் ராத்திரி உக்காந்து நம்பர் போட்டுக் கொடுத்தார். அப்படியும் ஒரு அத்தியாயத்தைத் தலைகீழாத் தச்சுப்புட்டான். அந்த இடம் வந்தா புஸ்தகத்தைத் திருப்பி வச்சுக்கிட்டுத்தான் படிப்போம்.”

கடைசி வெற்றுத் தாளில் இரு குழந்தைகளின் பிறந்த நாளும் நட்சத்திரமும் குறித்திருந்தன. அதன் கீழே பால் கணக்கு. இதைப் போன்ற ஒரு பிரதியை எந்த நூலகத்திலும் இரவல் பெற முடியுமா? பெரியம்மா அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. வாடகை அறைக்குப் போகும் முதல் மூட்டையிலேயே அதை வைத்துவிட்டார்.

எனினும் தொடர்கதைத் தொகுப்பைவிட அவசரமாகக் காக்கவேண்டியது ஒன்று இருப்பதாக நான் கருதுகிறேன். அதாவது, வெளிமாநிலத் தமிழர் தாமே அச்சிட்டவை. சங்கத்து ஆண்டு மலர், நாடக அழைப்பு, பஜனை மடத்து வரவுசெலவு அறிக்கை, நவராத்திரிக் கச்சேரி நிரல், பள்ளி தொடங்க நிதி வேண்டி விடுத்த விண்ணப்பம், சீட்டு நிதிப் புத்தகம், மெஸ் மாதாந்தர டோக்கன், வாடகை நூல்நிலையத்தின் இரவல் அட்டை முதலியன. விகடனும் கல்கியும் தமிழ்நாட்டு நூலகங்களில் எப்படியும் தேடினால் கிடைக்கும். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி பதிப்பகத்தார் வெளியிடும் ஒவ்வொரு நூலும் கல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி ஆகிய நான்கு இடத்து நூலகங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். ஆனால் பம்பாயில் இருநூறு பிரதி அச்சிட்டு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கையில் கொடுத்த நாடக நிரலை எவர் எங்கே அனுப்பியிருப்பார்? அந்த இருநூறில் ஒன்று நம்மில் ஒருவர் பெட்டியில் இருந்தால் உண்டு. இல்லையேல் உலகில் எங்கும் இல்லை.

அந்நிரலில் நடித்தவர் பெயர் இருக்கும்; ஒப்பனை செய்தவர், திரைச்சீலை உதவியவர், விளம்பரம் தந்த காப்பிக் கடை, மிளகாய் மண்டி, அப்பளக் கடை எல்லாம் இருக்கும். எந்தத் தெருவில் நம்மவர் எப்பொழுது குடியேறினர், எத்தொழில் செய்தனர், எவருக்கு எவர் கைகொடுத்தனர் என்பதற்கு இவற்றினும் நல்ல சான்று இல்லை. கல்யாணப் பத்திரிகையும் அவ்வாறே. ‘தற்சமயம் பம்பாய்’ என்று தொடங்கி, மணமகனின் உத்தியோகம், மாமன்மார் வேலை பார்த்த கம்பெனிகள், முகூர்த்தத்துக்கு வருவோர் இறங்கவேண்டிய ரயில் நிலையம் வரை அதில் அச்சிட்டிருப்பார்கள். ஒரே குடும்பத்தில் நாற்பது ஆண்டுகளில் வந்த பத்திரிகைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ‘தற்சமயம்’ என்ற சொல் எப்பொழுது மறைந்தது என்பதும் தெரியும்.

ஆண்டு குறிக்காத தாள்களே இவற்றில் மிகுதி. ஆயினும் காலத்தைக் கணிக்கச் சில எளிய வழிகள் உள்ளன. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது. அம்மாதம் முதல் தேதி தசம நாணயம் வந்தது. ‘ந. பை.’ என்று நயா பைசா குறித்திருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. முகவரியில் ‘மாதுங்கா, பம்பாய் – 19’ என்றிருந்தால் 1972-க்கு முன். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தபின் அது ‘400 019’ ஆயிற்று. சென்னை ராஜ்யம் என்பது 1969 ஜனவரியில் தமிழ்நாடு ஆயிற்று. ரயில்வேக் குடும்பங்களின் பத்திரிகைகளுக்கு என் இலாகா அறிவும் உதவுகிறது. ‘ஜி.ஐ.பி. ரயில்வே’ என்றிருந்தால் 1951 நவம்பருக்கு முந்தியதாகக் கொள்ளலாம். அம்மாதத்தில் அது மத்திய ரயில்வேயுள் அடங்கியது. எஸ்.ஐ.ஆர்., எம்.எஸ்.எம். என்ற பெயர்கள் அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கு ரயில்வேயுள் மறைந்தன.

எழுத்து வடிவமும் ஒரு சான்றாகும். யானைத் துதிக்கை போல் மேலே வளைந்த பழைய ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவற்றையும், சுழித்துச் சேர்த்தெழுதிய ‘றா’, ‘ணா’, ‘னா’ ஆகியவற்றையும் பெரியவர்கள் அறிவார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்று ஆணையிட்டது. எல்லா அச்சகங்களும் உடனே மாறவில்லையாதலால் பழைய எழுத்து எண்பதுகளிலும் தென்படும். மறுபுறம், பெரியார் தம் ‘குடி அரசு’ இதழில் 1935-இலேயே சீர்திருத்த எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டார். ஆகவே புதிய எழுத்தைக் கண்டவுடன் புதிய நூல் என்று ஒதுக்கிவிடலாகாது. சுயமரியாதை இயக்கத்தின் அரிய வெளியீடாகவும் இருக்கலாம்.

தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் குறித்திருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை நினைவில் வைக்கவேண்டும். ‘விகாரி’ என்பது 1959 சித்திரையிலும் தொடங்கிற்று. 2019 சித்திரையிலும் தொடங்கிற்று. எந்த விகாரி என்பதைத் தாளும் எழுத்தும் சொல்லிவிடும்.

சிறு பிரசுரங்களில் சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்குத் தனி இடம் உண்டு. கொட்டகை வாசலில் சில காசுகளுக்கு விற்ற அதில் நடிகர் பட்டியலும் கதைச் சுருக்கமும் பாட்டுகளும் இருக்கும். கதையை முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்வது அதன் மரபு. படச்சுருளே அழிந்துபோன பழைய படங்களுக்கு இப்புத்தகமே மிஞ்சிய சாட்சி. அதற்கும் முந்தியவை ‘குஜிலி’ நூல்கள். கொலை வழக்கு, வெள்ளம், ரயில் விபத்து எனச் சூட்டோடு சூடாகச் சிந்தும் கும்மியும் கட்டி, மட்டமான தாளில் அச்சிட்டு, சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்றவை. படித்தவர் இகழ்ந்த அவற்றை ஆதாரமாகக் கொண்டு ஆ. இரா. வேங்கடாசலபதி 2004-இல் ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற நூலை வெளியிட்டார்.

ரயில் பிரயாணச் சீட்டுகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் என் மேசைக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவில், இரண்டேகால் அங்குல நீளமுள்ள தடித்த அட்டைச் சீட்டு, கணினி வரும்வரை நம் நாட்டில் வழங்கியது. பிரயாணம் முடிந்ததும் சீட்டை ஒப்படைத்துவிட வேண்டுமாதலால் உபயோகித்த சீட்டுகள் வீடுகளில் அருகியே காணப்படும். மிஞ்சுவது பிளாட்பாரச் சீட்டே. என்றாலும் புத்தகத்தில் பக்க அடையாளமாகச் செருகியவை எப்பொழுதாவது உதிரும். தனுஷ்கோடி பெயர் அச்சிட்ட சீட்டு எவரிடமேனும் இருந்தால் அதைப் பத்திரமாக வைக்கவும். 1964 டிசம்பர்ப் புயலில் அந்நிலையமும், அதை நோக்கிச் சென்ற பிரயாணிகள் வண்டியும் கடலுக்கு இரையாயின. அதன்பின் அவ்வூருக்கு ரயில் போகவில்லை.

விலை கொடுத்து வாங்குவோருக்கு எச்சரிக்கை ஒன்று. பழைய படச் சுவரொட்டி என்று விற்பவற்றுள் புதிய அச்சுப் பிரதிகள் மிகுதி. தேநீரில் தோய்த்துப் பழுப்பேற்றிய தாள் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும். இயல்பாக முதிர்ந்த தாள் ஓரத்தில் கறுத்தும் நடுவில் வெளிறியும் காணப்படும். மடிப்புகளில் நார் தெரிகிறதா என்பதையும் பார்க்கலாம். பிறர் எழுதிய கடிதங்கள் பழைய நூலினுள் அகப்பட்டால், அவர் குடும்பத்தார் இருக்கிறார்களா என்று விசாரியாமல் ஊரறியக் காட்டுவது முறையன்று.

பாதுகாக்கும் வகை பற்றி வீட்டுப் பெண்மணிகள் அடிக்கடி கேட்கிறார்கள். மும்பையில் தாளுக்கு முதற் பகை ஈரம். அடுத்தது இராமபாணப் பூச்சியும் கறையானும். பெட்டியைத் தரையிலோ வெளிச் சுவரை ஒட்டியோ வைக்கலாகாது. தகரப் பெட்டி எலியைத் தடுக்கும்; ஆனால் உள்ளே புகுந்த ஈரத்தையும் வெளியே விடாது. மழைக்காலம் கழிந்தபின் ஒருமுறை திறந்து நிழலில் காற்றாட வைத்தல் நலம். வெயிலில் உலர்த்தினால் தாள் அப்பளமாக நொறுங்கும். அந்துருண்டை பூச்சியை விரட்டும். பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. வசம்பும் உலர்ந்த வேப்பிலையும் நம் முன்னோர் முறை, வைப்பதில் தவறில்லை. வைத்துவிட்டோமென்று திறந்து பாராமல் இருப்பதுதான் தவறு.

இதழ்களைப் பிணைத்துள்ள இரும்பு ஊசி துருப்பிடித்துத் தாளை அரிக்கும். அதை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடலாம். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகி எழுத்தை விழுங்கிவிடும். ‘லாமினேட்’ செய்வது அதைவிடக் கொடுமை. பிறகு எந்த வைத்தியமும் பலிக்காது. பைண்டு செய்பவரிடம் பசையில் மயில்துத்தம் சேர்க்கச் சொல்லுங்கள். மைதாப் பசைக்கு வரும் பூச்சிகள் அண்டா. ஓரத்தை வெட்டிச் சமன்செய்ய மட்டும் அனுமதிக்க வேண்டாம். அவர் கத்தி விளிம்புக் குறிப்புகளைப் பார்ப்பதில்லை.

எண்பதாண்டுப் பத்திரிகை தொட்டால் உதிர்வதும், நூற்றிருபதாண்டுப் புத்தகம் உறுதியாக நிற்பதும் கண்டு சிலர் வியக்கிறார்கள். மரக்கூழில் செய்த மலிவுத் தாளிலேயே அதன் நாசமும் கலந்திருக்கிறது. துணிக்கூழ்த் தாள் நீண்ட நாள் தாங்கும். ஆகவே முதலில் படம் எடுத்துவைக்க வேண்டியது பத்திரிகைகளையும் துண்டுப் பிரசுரங்களையுமே. இன்றைய கைப்பேசியே இதற்குப் போதும். ஜன்னல் வெளிச்சத்தில், தாளைச் சமமாக வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அட்டையையும் பின்னட்டையையும் விடலாகாது.

இருநூறு சதுர அடி வீட்டில் அனைத்தையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். நானும் அத்தகைய வீட்டில்தான் இருக்கிறேன். ஆதலால் கழிக்கவும் வேண்டும். பல பதிப்புகள் கண்ட நாவலின் அண்மைப் பதிப்பு, பள்ளிப் பாடநூலின் இரட்டைப் பிரதி, முன்பின் இல்லாத அண்மைக்கால வார இதழ் முதலியவற்றைக் கொடுத்துவிடலாம். உள்ளூரில் அச்சான தமிழ்த் தாள் ஒன்றையும், கையெழுத்துக் குறிப்புள்ள எதையும், 1960-க்கு முந்திய எதையும் ஒருவர் படித்துப் பாராமல் தராசில் ஏற்றக் கூடாது. வீட்டில் தமிழ் படிப்பார் எவரும் இல்லையெனில் பக்கத்து வீட்டு மாமியையோ தாத்தாவையோ ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் வேலை முடிந்துவிடும். பெருந்தொகுதி உள்ளவர்கள் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு, இன்ன இன்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுதிக் கேட்கலாம். பட்டியலின்றி மூட்டையை அனுப்பினால் எந்த நூலகமும் திகைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எவை ஏற்கெனவே ஏறியிருக்கின்றன என்பதை முன்னதாகப் பார்த்துக்கொண்டால் இருமுறை உழைக்க வேண்டாம்.

நம் சங்கத்து அலமாரியில் இவ்விதழின் தொடக்க ஆண்டுப் பிரதிகள் முழுமையாக இல்லை. இருப்பவற்றுள்ளும் பல அட்டை இழந்தவை. ஆண்டு விழா மலர்களில் மூன்றே மிஞ்சியிருக்கின்றன. மழை தொடங்குமுன் இவற்றை நிறைவு செய்யச் செயற்குழுவினர் எண்ணியுள்ளனர். வைத்திருப்போர் ஞாயிறு காலை 10 மணி முதல் 1 மணி வரை சங்க நூல்நிலையத்துக்குக் கொண்டுவந்தால் அங்கேயே படமெடுத்துக்கொண்டு மூலப் பிரதியைக் கையோடு திருப்பித் தருவோம். வர இயலாத முதியோர் ஓர் அஞ்சலட்டை எழுதினால் நாங்களே வீட்டுக்கு வருகிறோம். அதுவரை கட்டை அவிழ்த்துத் தட்டிக்கொட்டாமல் இருந்தபடியே வைத்திருக்க வேண்டுகிறேன். எந்தத் தாள் எதனுள் செருகியிருந்தது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும்.